செக் என்றால் ராஜா

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பில்தான் இந்தக் கட்டுரை ஆரம்பிக்கிறது. அப்போது நான் வேலை பார்த்த நிறுவனம் சின்னக் கடைகளுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றை விற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் எழுதிய நிரலை வாங்கி, நம்மூர் வரிக்கும் ரசீதுக்கும் ஏற்றபடி மாற்றி, திரையையும் தமிழில் கொண்டுவருவது எங்கள் குழுவின் வேலை.

இந்த மாதிரி மென்பொருளில், திரையில் தெரியும் சொற்களை நிரலுக்குள்ளேயே எழுத மாட்டோம். தனியாக ஒரு கோப்பு இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடையாளப் பெயர், அதற்கு நேராக ஆங்கிலம், அதற்கு நேராகத் தமிழ். அந்தக் கோப்பை ஒருநாள் திறந்து பார்த்தால் ‘செக்’ என்ற ஒரே சொல் மூன்று வரிகளில் இருந்தது. பில்லைச் சேமிக்கும் முன் தொகையைச் சரிபார்க்கும் பொத்தான் ஒன்று. பட்டியலில் ஒரு பொருளை டிக் அடிக்கும் கட்டம் இன்னொன்று. மூன்றாவது, வாடிக்கையாளர் பணம் கொடுத்த விதம்: ரொக்கம், செக், கார்டு. அமெரிக்க எழுத்துக்கூட்டல் என்பதால் மூன்றும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருந்தன. எதுக்கு ஒரே சொல்லை மூணு தடவை மொழிபெயர்க்கணும் என்று மூன்றையும் ஒன்றாக்கிவிட்டேன். கோப்பு சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷம் வேறு. மொழிபெயர்ப்பாளருக்கு அந்த ஒற்றை வரி மட்டும் போனது. அவர் ‘சரிபார்’ என்று எழுதி அனுப்பினார். அவர்மேல் ஒரு தப்பும் கிடையாது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் உரக்கடை. அங்கே கணக்கு எழுதுபவர் ஐம்பதைத் தாண்டியவர். மாத நடுவில் அவருடைய கணினியில் தமிழ்த் திரை வந்துவிட்டது. பணம் வந்த விதம் என்ற இடத்தில் ‘ரொக்கம், சரிபார், கார்டு’ என்று நிற்கிறது. சரிபார் என்பது ஏதோ சோதனைப் பொத்தான், தொட்டால் கணக்கு கலைந்துவிடும் என்று பயந்து, செக்காக வந்ததை எல்லாம் ரொக்கத்தில் ஏற்றியிருக்கிறார். மாதக் கடைசியில், புத்தகப்படி கல்லாவில் இருக்க வேண்டிய ரொக்கத்துக்கும் உண்மையில் இருந்ததற்கும் 86,000 ரூபாய் வித்தியாசம். முதலாளி வெளியூரில் இருப்பவர், அறிக்கையை மட்டும் பார்ப்பவர். ‘போன மாசம் வரைக்கும் செக் தனியாத்தானே வந்துச்சு, இந்த மாசம் மட்டும் எங்க போச்சு?’ என்று கேட்டிருக்கிறார். வங்கிக் கணக்கோடு ஒவ்வொரு ரசீதாக ஒப்பிட்டு முடிக்கிற வரை, 11 நாள், அவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். சின்ன ஊரில் ஒரு கணக்குப்பிள்ளை 11 நாள் கடைக்குப் போகாமல் இருந்தால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

புகார் எங்களிடம் வந்து, யார் அந்த வரியை மாற்றியது என்று தேடியபோது என் பெயர் வந்தது. சரி செய்ய ஐந்து நிமிடம்தான் ஆனது. ஆனால் ஒரு கேள்வி அன்றிலிருந்து விடவில்லை. சரிபார்ப்பதும், வங்கிப் பணத்தாளும், டிக் அடையாளமும் எப்படி ஒரே சொல்லாக இருக்க முடியும்? தற்செயலாக ஒலி ஒத்துப்போன மூன்று சொற்களா, இல்லை நிஜமாகவே ஒரே சொல்லா?

முதலில் ஒரு வேலியைப் போட்டுவிடுகிறேன். எண்ணெய் ஆட்டும் நம்ம செக்குக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிராகாவைத் தலைநகராகக் கொண்ட செக் நாட்டுக்கும் இல்லை. ‘செக்கில் ஆட்டிப் பார்ப்பதுதான் செக் பண்ணுவது’ என்று யாராவது வாட்ஸாப்பில் அனுப்பினால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். ஒலி ஒத்துப்போவது ஆராய்ச்சியின் ஆரம்பமாக இருக்கலாம், முடிவாக இருக்கக்கூடாது.

இந்தச் சொல்லின் ஊர் ஈரான். பழைய பாரசீகத்தில் அரசனுக்கு ‘க்ஷாயதிய’ என்று பெயர். முதலாம் டேரியஸ் கி.மு. 520 வாக்கில் பெஹிஸ்துன் மலைப்பாறையில் வெட்டிவைத்த கல்வெட்டில் தன்னை இந்தச் சொல்லால்தான் சொல்லிக்கொள்கிறார். அது காலப்போக்கில் தேய்ந்து ‘ஷா’ ஆனது. ‘அரசர்களின் அரசன்’ என்ற தொடர் தேய்ந்து ‘ஷாஹன்ஷா’ ஆனது. சமஸ்கிருதத்தின் க்ஷத்திரம், க்ஷத்திரியன் எல்லாம் இதே வேரின் இன்னொரு கிளை. இதை வைத்து ஷா என்பதே இங்கிருந்து போன சொல் என்று சொல்லிவிடக்கூடாது. அம்மா பிள்ளை உறவு இல்லை இது. பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை உறவு.

ஆனால் ஆட்டம் இங்கிருந்துதான் போனது. சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய் ‘சத்ரங்’ ஆனது. அரபியில் ‘ச்’ ஒலியும் ‘க’வின் மென்மையான ஒலியும் கிடையாது, அதனால் அங்கே ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. இந்திய அரசன் ஒருவன் இந்த ஆட்டத்தைப் புதிராகப் பாரசீக அரசனுக்கு அனுப்பிவைத்ததாக ஃபிர்தவ்சியின் ஷாநாமாவில் ஒரு கதை இருக்கிறது. கதையை விட்டுவிடுவோம். நமக்கு முக்கியம், பாரசீகர்கள் ஆடும்போது செய்த ஒரு காரியம். எதிராளியின் அரசனைத் தாக்கும் இடத்தில் காயை வைத்துவிட்டு, ‘ஷா!’ என்று குரல் கொடுத்து எச்சரித்தார்கள். ‘ராஜா! உன் ராஜாவைப் பார்த்துக்கோ!’ அவ்வளவுதான். அந்தக் கூப்பாடுதான் செக்.

ஐரோப்பா வரைக்கும் அந்தக் கூப்பாடு போனது. இடைக்கால லத்தீனில் ‘ஸ்காக்கஸ்’, பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’, 1300 வாக்கில் ஆங்கிலத்தில் ‘செக்’. பழைய பிரெஞ்சில் இதன் பன்மை ‘எஷெஸ்’. அதை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு ‘செஸ்’ என்றார்கள். அதாவது செஸ் என்பதே செக்கின் பன்மைதான். ஆட்டத்தின் பெயரே ‘ராஜாக்கள்’. நாம் பலகையின் முன்னால் உட்கார்ந்து, ராஜாவைப் பார்த்து ‘செக்’ என்கிறோம். ராஜாவிடமே போய் ராஜா என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்திக்காரர்கள் இந்த இடத்தில் ‘ஷஹ்’ என்பார்கள். ஐரோப்பாவைச் சுற்றிவராமல் பாரசீகத்திலிருந்து நேராக வந்ததால் அங்கே ராஜாவின் முகம் கொஞ்சம் தெரிகிறது.

செக்மேட் என்பது ‘ஷா மாத்’. அரபியில் ‘மாத’ என்றால் இறந்தான், அதனால் ‘ராஜா செத்தான்’ என்று பொருள் சொல்வது வழக்கம். பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் திகைத்து, வழி தெரியாமல் நிற்பவன். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஆட்டத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதே இல்லையே! போக இடமில்லாமல் நிற்கிறார், அதோடு ஆட்டம் முடிந்தது.

பிரெஞ்சில் இந்தச் சொல் கொஞ்சம் வேறு திசையில் போனது. இன்றைக்கு அங்கே ‘எஷெக்’ என்றால் தோல்வி. பிரெஞ்சு மொழித் திரையில் இணைப்பு கிடைக்கவில்லை என்றால் ‘எஷெக்’ என்றுதான் செய்தி வரும். வருடக்கணக்காக அந்தச் செய்தியைச் சோதனைகளில் பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே ஒரு பாரசீக மன்னர் உட்கார்ந்திருப்பது தெரியாமல். போர்ச்சுகீசியர் ராஜாவை விட்டுவிட்டு ஆட்டத்தின் பெயரான ஷத்ரஞ்சையே பிடித்துக்கொண்டார்கள். அங்கே ‘ஷத்ரெஸ்’ என்றால் சதுரங்கம், கட்டம் போட்ட துணி, பேச்சுவழக்கில் சிறை. கம்பிகள் கட்டம் கட்டமாகத் தெரிவதால் சிறை என்று நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் நம்முடைய சதுரங்கம்தான் அங்கே கைதியாகக் கிடக்கிறது.

ஆங்கிலத்துக்குத் திரும்புவோம். செக் வைக்கப்பட்டவனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவன் கையில் என்ன திட்டம் இருந்தாலும் அப்படியே நிறுத்திவிட்டு ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். வேறு எதையும் செய்ய முடியாது. அதனால் 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே, பலகைக்கு வெளியே, திடீர்த் தடை, முட்டுக்கட்டை என்ற பொருளில் ஆங்கிலத்தில் செக் வந்துவிடுகிறது. பிறகு கட்டுப்படுத்துவது, கடிவாளம் போடுவது. அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றிப் பேசும்போது ‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ என்கிறார்களே, அந்தச் செக் சரிபார்ப்பது இல்லை, கடிவாளம்தான். ஒரு கிளை இன்னொரு கிளையைத் தன் இஷ்டத்துக்கு ஓடவிடாமல் பிடித்து வைப்பது. பள்ளிக்கூடத்தில் இதைச் ‘சரிபார்த்தலும் சமன் செய்தலும்’ என்று மனப்பாடம் செய்தது ஞாபகம் வருகிறது. எங்கள் கோப்பில் நடந்த அதே விபத்து.

கடிவாளத்திலிருந்து சரிபார்ப்பதற்கு ஒரு எட்டுதான். தப்பு நடக்காமல் தடுப்பதற்கு என்ன வழி? இன்னொரு பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. தப்பைத் தடு என்பதிலிருந்து, தப்பு இருக்கிறதா பார் என்று 17ஆம் நூற்றாண்டின் கடைசிவாக்கில் நகர்ந்துவிட்டது. இதே எட்டை வேறு ஒரு சொல் தலைகீழாக எடுத்துவைத்திருக்கிறது. ‘கன்ட்ரோல்’ என்ற சொல்லுக்கு ஆதியில் பொருள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எழுதிவைத்த இரண்டாவது கணக்குச் சுருள். அது ஒப்பிடுவதில் தொடங்கிக் கட்டுப்படுத்துவதில் முடிந்தது. செக் கட்டுப்படுத்துவதில் தொடங்கி ஒப்பிடுவதில் முடிந்தது. கணக்கு எழுதத் தெரிந்தவனிடம்தான் கடிவாளம் இருக்கும் என்பது இரண்டு பக்கத்திலிருந்தும் தெரிகிறது.

இங்கே நான் ஒரு தப்பான பாதையில் ரொம்ப நாள் நடந்தேன். பிரிட்டனின் நிதி அமைச்சருக்கு ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்று பெயர். அந்த எக்ஸ்செக்கர் சதுரங்கப் பலகை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கணக்குப் பார்க்கிற இடம், பெயரில் செக் இருக்கிறது, அப்படியென்றால் சரிபார்ப்பது என்ற பொருள் இங்கிருந்துதான் வந்திருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். அகராதிகள் ஒத்துக்கொள்ளவில்லை. சரிபார்ப்பது நான் மேலே சொன்ன கடிவாள வழியாகத்தான் வந்தது. எக்ஸ்செக்கர் தனி வழி. ஆனாலும் அந்த இடம் அருமையான இடம், சொல்லாமல் போக மனசில்லை.

12ஆம் நூற்றாண்டில், முதலாம் ஹென்றியின் காலத்தில், இங்கிலாந்தில் உருவான அரசக் கணக்கு மன்றம் அது. அதில் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்பவர் 1170களின் கடைசியில், ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்வது போல, அது எப்படி இயங்குகிறது என்று ஒரு நூலே எழுதிவைத்தார். ஓடிக்கொண்டிருக்கிற ஒரு அமைப்பைப் பற்றி அதை ஓட்டுகிறவரே உட்கார்ந்து ஆவணம் எழுதியிருக்கிறார். எங்கள் துறையில் இன்றைக்கும் கெஞ்சினாலும் கிடைக்காத விஷயம். அவர் சொல்வது இது: சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேசை. காசு உருண்டு விழாமல் இருக்க நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. ஒவ்வொரு பத்தியும் ஓர் இடமதிப்பு: பென்ஸ், ஷில்லிங், பவுண்ட், அப்புறம் இருபது, நூறு, ஆயிரம் பவுண்டுகள். ஒரு மாவட்டத்தின் ஷெரிஃப் வசூல் கணக்கோடு வந்து நிற்பார். அவர் கட்ட வேண்டிய தொகைக்கு வில்லைகளை அடுக்குவார்கள், கட்டிய தொகைக்கு அதன் கீழே அடுக்குவார்கள், ஒன்றிலிருந்து ஒன்றை எடுப்பார்கள். ரோமன் எண்களை வைத்துக்கொண்டு தாளில் கழித்தல் போட்டுப் பாருங்கள், இந்த மேசையின் அருமை தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத ஷெரிஃபும் தன் கண்ணாலேயே கணக்கைப் பார்க்கலாம். ஏன் சதுரங்கப் பெயர் என்பதற்கு ஃபிட்ஸ்நீல் இரண்டு காரணம் சொல்கிறார். ஒன்று, பார்க்க அந்தப் பலகை மாதிரி இருக்கிறது. இரண்டு, பொருளாளருக்கும் ஷெரிஃபுக்கும் நடுவே அங்கே நடப்பது ஒரு போர்.

இதைப் படித்தபோது எனக்கு உரக்கடைக்காரர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவருக்கு அப்படி ஒரு மேசை கிடைத்திருந்தால், வில்லைகளை அடுக்கி முதலாளியிடம் ஒரே மத்தியானத்தில் காட்டியிருப்பார். நான் கொடுத்த திரையில் காட்டுவதற்கு அவருக்கு ஒன்றுமே இல்லை.

வங்கிச் செக்குக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் இதற்குப் பொருள் பணத்தாள் இல்லை. அதன் அடிக்கட்டை. பணத்தாளைக் கிழித்துக் கொடுத்தபின் நம்மிடம் தங்கும் துண்டு. யாராவது தொகையைத் திருத்திக்கொண்டு வந்தால், அடிக்கட்டையோடு ஒப்பிட்டு மோசடியைத் தடுக்கலாம். தடு, ஒப்பிடு என்ற இரண்டு பொருளும் அந்தத் துண்டுக் காகிதத்தில் சேர்ந்திருந்தன. நூற்றாண்டு முடிவதற்குள் பெயர் அடிக்கட்டையிலிருந்து மேல்தாளுக்குத் தாவிவிட்டது. அமெரிக்காவில் இதே ஒப்பிடும் பொருள் இன்னும் பல திசைகளில் ஓடியது. பெட்டியைக் கொடுத்துவிட்டு வாங்கும் வில்லை ஒரு செக், ஓட்டல் பில் ஒரு செக், பட்டியலில் பார்த்தாயிற்று என்று போடும் டிக் ஒரு செக். என் மூன்று வரிகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான், சந்தேகமே இல்லை. அந்த வகையில் நான் ஒன்றாக்கியது மொழிவரலாற்றுப்படி சரி, கணக்குப்படி நாசம்.

தேடிக்கொண்டே போனதில் கடைசியாக ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட்டிடம் போய் இடித்துக்கொண்டேன். பிரிட்டிஷ் வங்கியாளர், வங்கித்தொழில் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். 1828இல் ஓர் அடிக்குறிப்பில், பெரும்பாலானவர்கள் வங்கித் தாளையும் சாதாரணச் ‘செக்’ மாதிரியே எழுதுகிறார்கள், நான் எக்ஸ்செக்கரை ஒட்டி வேறு எழுத்துக்கூட்டல் வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில் பொருள் குழப்பம் வராது என்கிறார். அவர் செய்தது எங்கள் மொழியில் சொன்னால் சாவிகளைப் பிரித்தது. பிரிட்டனும் அதைச் சேர்ந்த நாடுகளும் அந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டன. நம்முடைய 1881ஆம் வருட மாற்றுமுறை ஆவணச் சட்டம் அந்த எழுத்துக்கூட்டலில்தான் எழுதப்பட்டது. செக் திரும்பினால் வழக்குப் போடுகிறார்களே, அந்த 138ஆம் பிரிவு இதே சட்டத்தில் 1988இல் சேர்த்ததுதான். அமெரிக்கா மட்டும் பிரிக்காமலே விட்டுவிட்டது. பிரிட்டிஷ் நிரலை வாங்கியிருந்தால் என்னால் அந்த இரண்டு வரிகளை ஒன்றாக்கியிருக்கவே முடியாது. எழுத்தே வேறாக இருந்து என் கையைத் தட்டிவிட்டிருக்கும். கில்பார்ட் கிட்டத்தட்ட இருநூறு வருடத்துக்கு முன்னாலேயே திருத்திவைத்த பிழையை நான் மறுபடியும் உண்டாக்கியிருக்கிறேன்.

தமிழில் எழுத்துக்கூட்டலுக்கு வேலையே இல்லை, எல்லாம் ஒரே ‘செக்’தான். அப்படியும் பேச்சில் நமக்கு ஒருநாளும் குழப்பம் வருவதில்லை. ஏன் என்று கவனித்தேன். நாம் வேலையைக் கூட வருகிற வினையிடம் கொடுத்துவிட்டோம். ‘செக் பண்ணு’ என்றால் சரிபார். ‘செக் வை’ என்றால் சதுரங்கம், இல்லாவிட்டால் ஒருத்தனை மடக்குவது. ‘செக் குடு’, ‘செக் போடு’ என்றால் வங்கி. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, ஆனால் ஒரு குழந்தைகூட ‘செக் வை’யையும் ‘செக் பண்ணு’வையும் மாற்றிச் சொல்லாது. ‘கூட்டணிக்குள் செக்’ மாதிரி நம் பத்திரிகைகளில் தலைப்பு வருகிறதே, அதில் இருப்பது ஆங்கிலத்தின் 14ஆம் நூற்றாண்டுப் பொருள். ஆங்கிலப் பேச்சில் இன்று கொஞ்சம் மங்கிப்போன முட்டுக்கட்டை இங்கே டீக்கடைப் பெஞ்சில் தினமும் புழங்குகிறது. கட்டம் போட்ட சட்டையை ‘செக்டு சட்டை’ என்பதில் எக்ஸ்செக்கர் மேசையின் துணி இருக்கிறது. வாகனங்களை மறிக்கும் செக்போஸ்ட்டில் தடுப்பதும் பார்ப்பதும் இரண்டுமே இருக்கிறது. வினையைக் கழற்றிவிட்டு வெறும் ‘செக்’ என்று மட்டும் எழுதினால்தான் தமிழனுக்கும் எது என்று தெரியாது. மென்பொருள் திரையில் நாம் எப்போதும் செய்வது அதைத்தான். சொல்லைக் குடும்பத்திலிருந்து பிரித்து ஒற்றையாக ஒரு பெட்டிக்குள் நிற்க வைக்கிறோம்.

அப்போது செய்த திருத்தத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மறுபடி மூன்று வரிகளாகப் பிரித்து, மூன்றுக்கும் பக்கத்தில் எந்த இடத்தில் வருகிறது என்று குறிப்பும் எழுதி அனுப்பினேன். மொழிபெயர்ப்பாளர் ‘சரிபார்’, ‘தேர்ந்தெடு’, ‘காசோலை’ என்று மூன்றாகத் திருப்பி அனுப்பினார். புது வெளியீடு போனபிறகு, அந்த உரக்கடைக்காரரிடம் நானே பேச வேண்டும் என்று கேட்டு எண் வாங்கினேன். அதற்குள் அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். 86,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் ரசீது ரசீதாக அப்படியே இருந்திருக்கிறது.

நான்தான் அந்த வரியை மாற்றியது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, ‘பதினோரு நாள் தம்பி’ என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

‘இப்ப காசோலைன்னு வருதாண்ணே? பாத்தீங்களா?’

‘வருது. எனக்குப் புரியுது. ஆனா அவசரத்துக்கு கடைப்பையன் உக்காருவான், அவனுக்கு காசோலைன்னா எது, காசுன்னா எது? ரெண்டும் காசுலதான் ஆரம்பிக்குது. மறுபடியும் ரொக்கத்துல ஏத்திருவான். பேசாம செக்குன்னே போட்டுருங்க.’

அடுத்த வெளியீட்டில் அந்த ஒரு வரியை ‘செக்’ என்று மாற்றினோம். இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது.